பிரதமர் நிற்க, சபை இருக்க

என்ரை பிரதமரே,

விடிந்ததில் இருந்து வீட்டுக்குள் உங்களுடைய தைல மணம். நேற்றுப் பின்னேரம் சங்கத்தில் மூன்று மணித்தியாலம் நின்றேன். காலையில் எழும்பினால் முழங்கால் இரண்டும் பலகை மாதிரி. அலுமாரியின் கீழ்த்தட்டில் உங்களுடைய தைலப் போத்தல் பதினொரு மாதமாகத் திறக்காமல் கிடந்தது. மூடி இறுகிப் போயிருந்தது. சேலைத் தலைப்பால் பிடித்துத் திருகினேன். திறந்த கையோடு நீங்கள் அறைக்குள் வந்துவிட்டீர்கள்.

கூட்டம் முடிந்து வருகிற நாட்களில் நீங்கள் காலை நீட்டிக்கொண்டு இருப்பீர்கள், நான் தேய்த்து விடுவேன். "ஒரு நாளைக்கு முப்பது பனை ஏறி இறங்கிற கால். அப்ப நோகேல்லை. நாப்பது பேருக்கு முன்னாலை நிண்டு பதில் சொன்னால் நோகுது பாரும்" என்பீர்கள். நேற்று நான் நின்றதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வென்றுவிட்டோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் ஆறுதலாக வரட்டும். நான் அஞ்சாம் வகுப்போடு வெங்காயத் தோட்டத்துக்குப் புல்லுப் பிடுங்கப் போனவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரதமர் என்ற பெயரை ஊர் உங்களுக்குப் பகிடிக்கு வைத்தது. கலியாணத்துக்கு முந்தியே வைத்துவிட்டது. பனை ஏறிச் சீவல் முடித்து, தவறணையில் கள்ளை ஊற்றிக் கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போகமாட்டீர்களாம். கட்சிக்காரர் தந்த புத்தகத்தை விரித்து, ரஷ்யாவில் பிரதமர் என்றால் யார், அவருக்கு என்ன வேலை என்று குடிக்க வந்தவர்களைப் பிடித்து வைத்து விளக்குவீர்களாம். "பிரதமர் வாறார், முட்டியை இறக்குங்கோ" என்று ஆரோ சொல்ல, அது உங்களோடு ஒட்டிக்கொண்டது. உங்களை எனக்குக் கலியாணம் பேசி வந்த அன்று மாமா என்னுடைய அம்மாவிடம் சொன்னது இன்றைக்கும் காதில் கேட்கிறது.

"பெடியன் நல்லவன் அக்கா. குடியில்லை, சண்டையில்லை. ஆனால் கொஞ்சம் பிரதமர்."

அது ஏதோ நோய் வருத்தத்தின் பெயர் என்றுதான் நான் நினைத்தேன்.

கலியாணம் முடித்து ஒரு கிழமை இருக்கும். நீங்கள் முற்றத்தில் பாளைக் கத்தி தீட்டிக்கொண்டு இருந்தீர்கள். நான் பக்கத்தில் இருந்து பயறு புடைத்தேன். அன்றைக்குத்தான் துணிந்து கேட்டேன், "பிரதமர் எண்டால் ஆர், ராசாவோ?" என்று. நீங்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டீர்கள். அதுவரைக்கும் உங்களிடம் ஒருவரும் அதைத் தாமாகக் கேட்டதில்லை என்று பிறகு சொன்னீர்கள்.

"ராசா இல்லை. ராசாவுக்கு நேர் மாறு" என்றீர்கள். அந்த நாடுகளில் ஆலையும் வயலும் தனி ஒருவருக்குச் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். சனங்கள் சேர்ந்து ஒரு பெரிய சபையைத் தெரிவு செய்வார்கள். சபை மந்திரிமாரைத் தெரிவு செய்யும். மந்திரிமாருக்குள் தலைவராக இருந்து காரியத்தை நடத்துகிறவர்தான் பிரதமர். அவர் சபைக்கு மேலே இல்லை, கீழே. "கடை முதலாளியின்ரை எண்டால், முதலாளி கேப்பார், வேலையாள் பதில் சொல்லுவான். கடை எல்லாரின்ரையும் எண்டால், எல்லாரும் கேக்கலாம், நடத்திறவன் பதில் சொல்ல வேணும். அவ்வளவுதான் பிரதமர்."

நான் பயற்றுச் சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "அப்ப அவர் இருந்துகொண்டு பதில் சொல்லுறவரோ, நிண்டுகொண்டு சொல்லுறவரோ?"

எனக்கு அது சாதாரணக் கேள்வி. எங்கள் அம்மா புகையிலைத் தோட்டக்காரர் வீட்டு முற்றத்தில் நின்றுதான் கதைப்பா. அவர் சாய்மனைக் கதிரையில் இருந்து, "ஏன் நேற்று வரேல்லை? ஏன் கண்டு வாடினது?" என்று கேட்பார். அம்மா "ஓம் நயினார், ஓம் நயினார்" என்று நிற்பா. வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றாலும் இரு என்ற சொல் வராது. கேட்கிறவர் இருப்பார், பதில் சொல்கிறவர் நிற்பார் என்பதுதான் எனக்குத் தெரிந்த அரசாங்கம். அதனால்தான் கேட்டேன்.

நீங்கள் உள்ளே போய்க் கொப்பி ஒன்றை எடுத்து வந்து ஏதோ எழுதினீர்கள். "என்ன எழுதிறியள்?" என்றேன். "நீர் சொன்னதைத்தான். உது புத்தகத்திலை இல்லை" என்றீர்கள். அன்றைக்குத்தான் நீங்கள் என்னை முதல்முதலாக 'நீர்' என்று சொன்னது. அதுவரைக்கும் 'நீ'.

சங்கம் தொடங்கியபோது அந்தக் கொப்பியில் இருந்துதான் விதி வந்தது. கூலிக்குப் புல்லுப் பிடுங்குகிற பதினொரு பெண்களும் சீவல் தொழில் செய்கிற நாலு ஆண்களும். மிளகாயும் மல்லியும் வறுத்து, இடித்து, கறித்தூள் ஆக்கித் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோனோம். பிறகுதான் அரைக்கிற ஆலை வாங்கினோம், நாங்களும் நாற்பது பேர் ஆனோம். ஒவ்வொரு பறுவத்துக்கும், முழு நிலவு நாளில், கூட்டம். உறுப்பினர் எல்லாரும் பாயில் வசதியாக இருப்பார்கள். தலைவர் நிற்பார். கடைசிக் கேள்வி முடியும் மட்டும் அவர் இருக்கக்கூடாது. தலைவராக வரவேண்டும் என்று கேட்கிறவரும் அப்படித்தான், நின்றுதான் கேட்க வேண்டும். மற்றச் சங்கங்களில் தலைவருக்குக் கதிரை போட்டு, வெள்ளைத் துணியும் விரிப்பார்கள். எங்கள் சங்கத்தில் கதிரையே இல்லை. முதல் கூட்டத்துக்கு வந்த பூமணியக்கா பாயின் ஓரத்தில் அந்தரப்பட்டு நின்றா. "இருங்கோ அக்கா" என்றீர்கள். "நீங்கள் நிக்கேக்கை நான் எப்பிடி இருக்கிறது?" என்றா. "நான் நிக்கிறதே நீங்கள் இருக்கத்தான்" என்றீர்கள். அவ இருந்தா. இருந்து பழகிய பிறகு அவ கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி உங்களுக்கு நாக்கு வறண்டதும் உண்மை.

நீங்கள் நின்றதில் எனக்கு மறக்காதது கொடிகாமத்தில் நின்றதுதான். ஊரோடு இடம்பெயர்ந்து போய், ஒரு பள்ளிக்கூட வளவில் மாமரத்துக்குக் கீழே கிடந்தோம். சண்டை, மழை, சாப்பாடில்லை. பறுவம் வந்தது. "கூட்டம் வைக்கவேணும்" என்றீர்கள். உங்களுக்கு விசர் என்று நான் நினைத்தேன். சேலையை விரித்துச் சனம் இருந்தது. நீங்கள் தூறலில் நின்றீர்கள்.

"ஆலை எங்கை?" என்று பூமணியக்கா கேட்டா.

"விட்டிட்டு வந்திட்டன்."

"ஏன் விட்டனீங்கள்?"

"வண்டில் ஒண்டுதான் கிடைச்சது. ஆலையை ஏத்துறதோ, நடக்கமாட்டாத நாலு கிழவியளை ஏத்துறதோ எண்டு பாத்தன். கிழவியளை ஏத்தினன். ஆனால் உங்களைக் கேளாமல் முடிவெடுத்திட்டன். அது பிழை."

"என்ரை அம்மாவும் அந்த வண்டிலிலைதான் வந்தவ" என்று பூமணியக்கா உங்களைப் பார்த்துச் சொன்னா. "எண்டாலும் கேளாமல் செய்தது பிழைதான்."

அழுதுகொண்டிருந்த சனம் எல்லாம் சிரித்தது. உலகத்தில் எத்தனையோ பிரதமர்கள் எத்தனையோ மாளிகைகளில் பதில் சொல்லியிருப்பார்கள். மழையில் நனைந்துகொண்டு, இல்லாமல் போன ஓர் ஆலைக்குப் பதில் சொன்ன பிரதமர் நீங்கள் ஒருவர்தான் என்று நான் அன்றைக்குப் பெருமைப்பட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கனம் வந்துவிடும் என்று பயம்.

தலைக்கனம் வரவில்லை, களைப்பு வந்தது. ஊர் திரும்பி, திரும்பவும் ஆலை வைத்து, நீங்களே தலைவராக இருந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு பறுவத்தன்று கேள்வி நீண்டுகொண்டே போனது. நீங்கள் பேசிக்கொண்டே பின்னுக்குப் போய், மிளகாய்ச் சாக்கு மூட்டையில் இருந்துவிட்டீர்கள். இருந்ததே உங்களுக்குத் தெரியாது. "பிரதமர் இருந்திட்டார் பிள்ளையள்" என்றா பூமணியக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வருகிறபோது சைக்கிளை உருட்டிக்கொண்டு சொன்னீர்கள், "அங்கை பிழையாய்ப் போனதும் இதுதான்." எங்கே என்று நான் கேட்கவில்லை, எனக்கு விளங்கிவிட்டது. ரஷ்யாவும் அந்தச் சோசலிச நாடுகளும் விழுந்து அப்போது கன காலம். விழுந்த செய்தி வந்த அன்று நீங்கள் சாப்பிடவில்லை, அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கதைக்கவும் இல்லை. அன்றைக்குத்தான் கதைத்தீர்கள். சபைக்குப் பதில் சொல்ல வேண்டிய பிரதமர், கடைசியில் கட்சியின் பெரியவருக்குத்தான் பதில் சொன்னார். பெரியவர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. சபை கை தூக்குவதற்கு மட்டும் வந்து போனது. "நிக்கவேண்டியவன் இருந்திட்டான். இருந்தவன் பிறகு எழும்பேல்லை. கேக்கவேண்டியவை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவை. நானும் புத்தகத்திலை இருந்த படங்களைப் பாத்து, எல்லாம் சரியெண்டு நம்பினன்" என்றீர்கள். அப்படி ஒரு குரலில் நீங்கள் கதைத்து நான் கேட்டதில்லை.

உங்களைத் தேற்ற நினைத்து நான் கேட்டேன், "எங்கடை நாட்டின்ரை பேரிலையும் சோசலிசம் எண்டு கிடக்குத்தானே? அரசாங்கக் கடிதத்தின்ரை தலைப்பிலை பாத்தனான். இஞ்சை பிரதமர் என்ன மாதிரி?"

சிரிப்பு வந்துவிட்டது உங்களுக்கு. "சாக்கிலை மிளகாய் எண்டு எழுதினால் உள்ளுக்கு இருக்கிறது உறைக்குமே? முந்தி இஞ்சையும் பிரதமர்தான் எல்லாம். சட்டத்தை மாத்தி ஜனாதிபதியை மேலை வைச்ச பிறகு, பிரதமர் மாப்பிள்ளைத் தோழன். அவருக்கும் தலைப்பாகை கிடக்கு, மாப்பிள்ளைக்குப் பக்கத்திலை இருப்பார், படத்திலையும் விழுவார். தாலி கட்டுறது அவரில்லை."

அடுத்த பறுவத்துக்கு நீங்கள் பதவியை விட்டீர்கள். விடும்போது கொப்பியில் இன்னொரு விதியும் எழுதினீர்கள். ஒரு தடவைக்கு இரண்டு வருஷம், மூன்று தடவைக்கு மேல் ஒருவரும் தலைவராக இருக்கக்கூடாது.

உங்களுக்குப் பிறகு பூமணியக்கா, அவவுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர், பிறகு நான். எழுதப் படிக்க ஒழுங்காகத் தெரியாதவளைத் தெரிவு செய்ய வேண்டாம் என்று நான் எவ்வளவு சொன்னேன். "கையெழுத்து வைக்கிற வேலை செயலாளருக்கு. உமக்கு நிக்கிற வேலை" என்றீர்கள்.

என்னுடைய முதல் கூட்டம். நான் நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். பாயில் இருந்து முதல் கையை உயர்த்தியது நீங்கள்! "போன மாதம் ரெண்டு மூட்டை மிளகாய் பூஞ்சணம் பிடிச்சது. ஆரின்ரை பிழை?" எனக்கு வந்த கோபம். வீட்டிலேயே உங்களுக்குச் சொல்லியிருந்தேனே, மழைக்கு முதல் படங்கு மூட மறந்துவிட்டேன் என்று. எல்லாருக்கும் முன்னால் திரும்பச் சொல்ல வைத்தீர்கள். சொன்னேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் உங்களோடு கதைக்கவில்லை. கறிக்கு உப்பும் போடவில்லை.

மூன்றாம் நாள் உப்பில்லாத குழம்பை ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சொன்னீர்கள். "வீட்டிலை நீர் என்ரை மனிசி. அங்கை நீர் பிரதமர். பிரதமரிட்டைக் கேள்வி கேக்காமல் விட்டால், அது நான் உமக்குச் செய்யிற துரோகம்."

அடுத்த நாள் உப்புப் போட்டேன்.

நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஆசுபத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்து போன பிறகு, எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு கழிந்த மூன்றாம் நாள் பறுவம். நான் சுவரோடு சுருண்டு கிடந்தேன். பூமணியக்கா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றா. "எழும்படி" என்றா. "செத்த வீட்டுத் துடக்கு அக்கா" என்றேன். "துடக்கு கோயிலுக்கு. சங்கத்துக்கு இல்லை. தலைவர் நிக்காமல் கூட்டமில்லை எண்டு உன்ரை மனிசன்தானே எழுதி வைச்சவன்? வா." போனேன். நின்றேன். ஒருவரும் என்னிடம் 'பாவம்' என்று சொல்லவில்லை. மல்லி ஏன் குறைவாக வந்தது, ஆலையின் வார் ஏன் அறுந்தது என்று கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். பதில் சொல்லிக்கொண்டு நின்றபடியால்தான் விழாமல் இருந்தேன். இந்தப் பதினொரு மாதமும் ஒரு பறுவத்தில் இருந்து அடுத்த பறுவத்துக்குத்தான் நான் உயிர் வாழ்ந்தது. இதை நான் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

இனி நேற்றைய கதை.

புகையிலைத் தோட்டக்காரரின் மகன் கனடாவில் இருந்து வந்திருக்கிறார். ஆம், எங்கள் அம்மா யாருடைய முற்றத்தில் நின்றாவோ, அவருடைய மகன். அறுபத்தாறு வயது இருக்கும். கெட்ட மனிசன் இல்லை. எங்களுடைய ஆலை இருமி இருமி ஓடுவதை வந்து பார்த்தார். புது ஆலை, வறுக்கிற இயந்திரம், பைக்கற்றில் அடைக்கிற இயந்திரம் எல்லாம் வாங்கித் தருகிறேன் என்றார். பதிலுக்கு இரண்டே இரண்டு. அவரை ஆயுட்காலத் தலைவர் ஆக்க வேண்டும், வாசலில் அவருடைய பெயருக்கு ஒரு பலகை போட வேண்டும்.

பெண்களுக்குள் ஒரு கிழமையாக அதே கதை. வறுக்கிற சூட்டில் வெந்த கைகள், ஆசைப்படாதா? எங்களுடைய செயலாளர் செல்வியை உங்களுக்குத் தெரியும்தானே, உயர்தரம் படித்துவிட்டு எங்களோடு மிளகாய் வறுக்கிற பிள்ளை. அவள்தான் பயந்து பயந்து கேட்டாள், "மாமி, அவர் கனடாவிலை இருந்துகொண்டு எப்பிடித் தலைவரா இருக்கிறது?"

"ஃபோனிலை இருப்பாராம்" என்றாள் ஒருத்தி.

"அப்ப ஃபோனைச் சுவரிலை சாய்ச்சு வைப்பம். அது நிக்கும், நாங்கள் கேப்பம்" என்றா பூமணியக்கா.

நேற்று அவர் வந்தார். நான் மினக்கெட்டு எல்லாருக்கும் கதிரை வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தும், ஆரோ அயல் வீட்டில் கதிரை ஒன்று இரவல் வாங்கி, வெள்ளைத் துணி விரித்து முன்னுக்கு வைத்துவிட்டார்கள். அவர் படலையைத் திறந்ததும் பாயில் இருந்த நாற்பது பேரும் ஒன்றாய் எழும்பிவிட்டார்கள். ஒருவரும் யோசித்து எழும்பவில்லை. காலுக்குள் கிடந்த பழக்கம் தன்பாட்டில் எழும்பிவிட்டது. செல்விகூட எழும்பிவிட்டாள், அவள் ஒருநாளும் ஒருவருடைய முற்றத்திலும் நின்றவள் இல்லை. அவர் கதிரையில் இருந்தார். அவர் இருக்க, நாங்கள் நிற்க. அப்படியே எங்கள் அம்மாவின் முற்றம்.

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எல்லாரும் எழும்பினால் எல்லாரும் பிரதமர். பிறகு கேள்வி கேக்க ஆர் இருக்கிறது? இருங்கோ பிள்ளையள்."

சிரித்துக்கொண்டு எல்லாரும் திரும்பப் பாயில் இருந்தார்கள். நான் நின்றேன். அவரைப் பார்த்துச் சொன்னேன், "அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. எங்கடை சங்கத்திலை உறுப்பினர் இருப்பினம். தலைவராய் இருக்கிறவையும், தலைவர் ஆகவேணும் எண்டு கேக்கிறவையும் நிப்பினம். நீங்கள் கேக்கிறியள்தானே?"

அண்ணை என்றேன். நயினார் இல்லை, ஐயா இல்லை. என்னுடைய காதில் விழுந்ததும் எனக்கே மேல் சிலிர்த்தது.

அவர் என்னைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். கதிரையின் கையைப் பிடித்தார். எழும்பிப் படலையால் வெளியே போகப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். புது ஆலையும் போய்விடும் என்று செல்வி கண்ணை மூடிவிட்டாள். அவர் எழும்பி, எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

நின்றார், பிரதமரே! நாற்பது பேர் இருக்க அவர் நின்றார்.

பூமணியக்கா தொடங்கினா. "தம்பி, மிசின் தாறதுக்கு மெத்தப் பெரிய உபகாரம். அதென்ன ஆயுள் முழுக்க?"

"ஒருக்கா ஆக்கினால் பிறகு மாத்தத் தேவையில்லைத்தானே அம்மா."

"நீங்கள் பிழை விட்டால்?"

"நான் ஏன் பிழை விடப்போறன்?"

"எங்கடை முதல் தலைவர் நல்ல மனிசன். அவரே பிழை விட்டவர். விட்டிட்டுச் சொன்னவர்." பூமணியக்கா விடவில்லை. "பிழை விட்டால் உங்களை ஆர் கேக்கிறது?"

அவர் லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். நிற்கிற ஆளுக்கு வியர்க்கும், அது எனக்குத் தெரியும். பிறகு வேறு குரலில் சொன்னார். "உண்மையைச் சொல்லுறன் அம்மா. அங்கை என்ரை பேரப்பிள்ளையள் தமிழ் கதைக்காதுகள். நான் செத்தால் என்னை நினைக்க இஞ்சை ஒரு பலகையாவது இருக்கட்டும் எண்டு ஆசைப்பட்டன்."

அவருடைய ஆசை பிழையென்று ஒருவருக்கும் சொல்ல மனமில்லை. எனக்கும் இல்லை. எனக்கு உங்களை நினைக்க ஒரு பலகையும் இல்லையே என்று ஒரு கணம் ஏங்கினேன். பிறகு நினைத்தேன், அவர் நிற்கிற அந்த இடத்தை விட வேறு என்ன பலகை வேண்டும் உங்களுக்கு?

"நினைக்கிறது வேறை, ஆளுறது வேறை அண்ணை" என்றேன். "உங்களை நினைப்பம். அதுக்கு நீங்கள் எங்களுக்கு மேலை இருக்கத் தேவையில்லை."

கை உயர்த்தச் சொன்னேன். ஆயுட்காலத் தலைவருக்கு ஒரு கைகூட உயரவில்லை. வேண்டாம் என்பதற்கு நாற்பது கை. வளையல் சத்தம் மட்டும்தான் கேட்டது. வெந்து, காய்த்துப்போன நாற்பது கை.

அவர் லேஞ்சியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அப்ப நான் என்னவா இருக்கலாம்?" என்றார்.

"உறுப்பினரா இருக்கலாம்" என்றா பூமணியக்கா. "பாயிலை இடம் கிடக்கு. உங்காலை தள்ளுங்கோடி."

அவர் சப்பாத்தைக் கழற்றினார். இறுக்கமான காற்சட்டையோடு சம்மணம் கட்ட முடியவில்லை, ஒரு பக்கம் சரிந்து, கையை ஊன்றி, ஒரு மாதிரி இருந்தார். "கனடாவிலை நிலம் இல்லையே தம்பி?" என்று பூமணியக்கா கேட்க, முதலில் சிரித்தது அவர்தான். மிசின் வரும் என்றும் சொன்னார். வந்தால் வரட்டும். வராவிட்டாலும் எங்களுடைய ஆலை இருமிக்கொண்டு ஓடும்.

எங்கள் அம்மா இதைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்க்கவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு மிளகாய் காயப் போட்டிருப்பேன். சனத்துக்கு வெற்றி தலைக்கு ஏறிவிட்டது. செல்வி எழும்பிச் சொன்னாள், "மாமிக்கு இதோடை மூண்டு தடவை முடியுது. மாமி இல்லாட்டி இண்டைக்கு எங்களுக்கு இந்தக் கதை கதைக்கத் துணிவு வந்திருக்காது. அந்த மூண்டு தடவை எண்ட விதியை வெட்டிவிடுவம். மாமியே இருக்கட்டும்." ஓம், ஓம் என்று பாய் முழுக்கச் சத்தம். பூமணியக்கா மட்டும் பொல்லைக் கையில் எடுத்தா. என்னையே பார்த்துக்கொண்டு இருந்தா.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. வீட்டுக்குப் போனால் சுவர். பின்னேரத்தில் தேத்தண்ணி ஊற்றினால் ஒரு கோப்பை. நிற்கிற அந்த இடம் ஒன்றுதான் என்னைப் பிடித்து வைத்திருந்தது. அதையும் விட்டால் எனக்கு என்ன மிச்சம்? அந்தக் கனடாக்காரர் பலகைக்கு ஆசைப்பட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று, அவர் கேட்கவில்லை, நானே என்னைக் கேட்டேன். அவர் பாயில் இருந்து என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷத்துக்கு முதல் அவருக்கு ஆயுள் முழுக்க வேண்டாம் என்று சொன்ன வாய் இது.

புதிதாகச் சீவல் பழக வந்த பெடியளுக்கு நீங்கள் சொல்வதை அப்போதுதான் நினைத்தேன். "ஏறத் தெரிஞ்சவன் அரைவாசித் தொழிலாளி. இறங்கத் தெரிஞ்சவன்தான் முழுத் தொழிலாளி. விழுந்தவன் எல்லாம் இறங்கேக்கைதான் விழுந்தவன்."

"விதியை வெட்ட விடமாட்டன்" என்றேன். குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும். "நல்ல ஆள் எண்டு சொல்லித்தான் எல்லா இடமும் வெட்டினவை. எனக்கு ஆசை இல்லை எண்டு சொன்னால் பொய். ஆசை கிடக்கு. அதுதான் சொல்லுறன், விடாதையுங்கோ."

"அப்பாடா" என்றா பூமணியக்கா. "நீ ஓமெண்டால் நான் எழும்பிப் போயிருப்பன்."

செல்வியைத் தலைவராகத் தெரிவு செய்தார்கள். அவள் அழுதாள். "என்னாலை ஏலாது மாமி, எனக்குக் கால் நடுங்குது" என்றாள். "நடுங்கட்டும். நடுங்காத காலைத்தான் நம்பக்கூடாது" என்று சொல்லி, அவளுடைய கையைப் பிடித்து நான் நின்ற இடத்தில் நிறுத்திவிட்டுப் போய்ப் பாயில் இருந்தேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு இருந்தேன். கீழே இருந்து பார்க்க, நிற்கிற ஆள் எவ்வளவு தனியாக நிற்கிறாள் என்று தெரிந்தது. நீங்கள் அப்படித்தான் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். பார்த்துக்கொண்டுதான் அந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றும் என்னிடம் இருந்து போகவில்லை, இப்போது விளங்குகிறது. நிற்கிற வேலைதான் போனது. பிரதமரைப் பிரதமராக வைத்திருக்கிற வேலை பாயில் கிடக்கிறது. உங்களுடைய வேலை. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் நான் ஆறு வருஷமும் பதில் சொல்லிப் பழகியவள், கேட்டுப் பழகவில்லை. அடுத்த பறுவத்துக்கு அந்தப் பிள்ளை நடுங்கிக்கொண்டு நிற்கப்போகிறாள். மென்மையாகக் கேட்டால் அவளைக் குழந்தையாக்கிவிடுவேன். கடுமையாகக் கேட்டால் என்னுடைய பதவியை எடுத்தவள் என்ற கோபத்தில் கேட்கிறேன் என்று சனம் நினைக்கும், அவளும் நினைப்பாள். கேளாமல் இருந்தால் துரோகம். நீங்கள் என்னைக் கேள்வி கேட்ட அந்த முதல் நாள், நான் தாங்குவேன் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? இஞ்சாருங்கோ, செல்வியிடம் நான் முதலில் என்னத்தைக் கேட்கட்டும்?